நா கட்டிய மணி: அகப்பாடலும் உயிரொலியும்

1. முன்னுரை

சங்க அகப்பாடல்களில் ஒலி பெறும் இடம் பெரிது. குயிலின் கூவல், மயிலின் அகவல், அன்றிலின் நரலல், தேரையின் கறங்கல், வண்டின் இமிர்தல் என ஒவ்வோர் உயிரொலிக்கும் தனித்தனிச் சொல் அமைத்து வழங்கிய மொழி தமிழ். இவ்வொலிகளைப் பற்றி இதுகாறும் எழுதப்பெற்ற கட்டுரைகள் பலவும் அவற்றைத் தொகுத்து, திணைவாரியாகப் பிரித்து, கருப்பொருள் என்னும் தலைப்பின்கீழ் அடக்கி அமைகின்றன. தொகுப்பு வேண்டுவதே. ஆயினும் தொகுப்போடு நின்றுவிடின் ஒரு வினா விடுபட்டுப்போகிறது. மனிதன் காட்டைத் திருத்தியும் ஊரை அமைத்தும் வழியிற் தேரைச் செலுத்தியும் எழுப்பும் ஒலி, ஏனை உயிர்களின் ஒலிவாழ்வை என் செய்கின்றது? இவ்வினாவைப் புலவர் எண்ணினரா? எண்ணினர் எனின் எவ்வாறு எண்ணினர்?

இவ்வினா இன்றைய உயிரியலாரும் கேட்கும் வினாவாகும். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. அதன் முடிவுகள் சிலவற்றைத் துணைக்கொண்டு இரண்டு அகப்பாடல்களை மீண்டும் படித்துப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம். 'இன்றைய அறிவியல் யாவும் அன்றே நம் நூல்களில் உள' என்று நாட்டுதல் நம் கருத்தன்று. அவ்வாறு நாட்டுவார் அறிவியலுக்கும் நன்மை செய்யார். பாட்டுக்கும் நன்மை செய்யார். பாட்டு சொல்வது எது, சொல்லாதது எது என வரையறுத்தற்கு அறிவியல் உதவுமாயின் அவ்வுதவியைக் கொள்ளுதல் தகும்.

2. இலக்கணம் வகுத்த ஒலிக்களம்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே நிரலில் வைக்கின்றார். இந்நிரலைப் பலகாற் படித்துப் பழகிய நமக்கு அதன் புதுமை தோன்றுவதில்லை. புள்ளுக்கு அடுத்துப் பறை நிற்கின்றது. விலங்கும் புள்ளும் இயற்கையின் ஒலி தருவன. பறையும் யாழும் மனிதன் ஆக்கிய ஒலி தருவன. தொழிலோ ஓசையின்றி நடவாதது. நிலம் ஒன்றற்கு உரிய ஒலி என்பது இவையெல்லாம் கூடிய ஒன்று என்பது இந்நிரலிலிருந்து போதரும்.

கனடா நாட்டு இசையறிஞர் மர்ரே ஷேபர் 1977-இல் வெளியிட்ட நூலில் நிலக்காட்சி என்பதைப் போல 'ஒலிக்காட்சி' என்னும் கருத்தை விரித்துரைத்தார். மனிதன் எழுப்பும் ஒலி, பிற உயிர் எழுப்பும் ஒலி, காற்றும் நீரும் எழுப்பும் ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்டல் வேண்டும் என்பது அவர்தம் வழி வந்தோர் கொள்கை. தொல்காப்பியர் நிரலும் இக்கொள்கையும் ஒன்றெனக் கூறேன். தொல்காப்பியர் செய்யுளுக்கு விதி வகுத்தார். ஷேபர் கேட்கும் செவிக்கு நெறி கூறினார். எனினும் புள்ளையும் பறையையும் ஒரே களத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம் நம் திணைக்கோட்பாட்டுக்குப் புதிதன்று என்பது மட்டும் இங்கு வேண்டுவது.

3. அகநானூறு நான்காம் பாடல்

குறுங்குடி மருதனார் பாடிய இப்பாடல் முல்லைத்திணையது. கார்ப்பருவம் வந்துற்றது, தலைவன் இன்னும் மீளவில்லை. தோழி தலைவியை ஆற்றுவிக்கின்றாள். முல்லை அரும்பியது, கொன்றை அவிழ்ந்தது, இரலை பரற்கற் பள்ளங்களில் துள்ளியது, கானம் அழகு பெற்றது என அவள் பருவத்தைக் காட்டுகின்றாள். பின்னர்த் தலைவனின் தேரைச் சொல்கின்றாள். பூத்த சோலையில் துணையொடு தங்கித் தாதுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலக்கமுறும் என அஞ்சி, அம்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றானாம் அவன்.

இப்பகுதியைப் பண்டைத் தமிழரின் அருளுடைமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. மேடையிலும் பாடநூலிலும் இது முல்லைக்குத் தேரீந்த பாரியின் செயலோடு சேர்த்து எண்ணப்படுகின்றது. அருள் உண்மையே. ஆனால் அருள் என்னும் ஒரு சொல்லில் அடக்குவதால் பாட்டின் நுட்பம் மூன்றிடங்களில் மறைகின்றது.

முதலாவது, மணியைப் பற்றியது. அகப்பாடல்களில் தேர்மணி வெறும் அணியன்று, அது செய்தி. காத்திருப்பாள் செவிக்கு வருகையை அறிவிக்கும் குறி அது. குறுந்தொகை 301-ஆம் பாடலில், மன்றத்தே மணி ஒலிக்க வரும் தேர் வாராதாயினும் வருவது போல அவ்வோசை செவியில் ஒலித்துக்கொண்டே இருத்தலால் தலைவி துயில் இழக்கின்றாள். அத்துணை ஆற்றல் வாய்ந்த குறியைத்தான் மருதனாரின் தலைவன் அடக்குகின்றான். வண்டுகளின் பொருட்டுத் தன் வருகைச் செய்தியையே அவன் துறக்கின்றான். ஆதலின் தலைவிக்கு எவ்வோசையும் கேளாது. இதனாலன்றோ தோழி 'கேள்' என்னாது 'காண்' என்கின்றாள்! அவனை அங்கே தோன்றுபவனாகச் சுட்டிக் காட்டும் அவள் ஏவல், செவி இழந்ததைக் கண்ணுக்கு மாற்றித் தருகின்றது. 'மணியோசை கேட்கவில்லையே' எனக் கலங்கும் தலைவிக்கு, 'கேளாமைக்குக் காரணம் உண்டு. அவன் மணியைக் கட்டியிருப்பான்' என்னும் ஆறுதல் இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. தோழி கூற்றின் திறம் இதுவே என்பது எம் கருத்து.

இரண்டாவது, 'ஆர்த்த' என்னும் சொல்லைப் பற்றியது. ஆர்த்தல் என்பதற்குக் கட்டுதல் என்றும் ஒலித்தல் என்றும் இருபொருள் உண்டு. மணியின் நாவோடு அச்சொல் சேருங்கால் 'ஒலித்த' எனவும் கொள்ள இடமுண்டாயினும், முன்னுள்ள அச்சம் என்னும் சொல் அப்பொருளை விலக்கிக் 'கட்டிய' என்பதையே நிறுவுகின்றது. இதே சொல் சில அடிகட்கு முன்னரும் கடிவாள வாருக்கு யாழ் நரம்பை உவமையாக்குமிடத்து வருகின்றது. ஆண்டும் இறுகக் கட்டிய நரம்பு எனவும் ஒலித்த நரம்பு எனவும் இருவகையிற் பொருள் கொள்ளலாம். ஓசையையும் ஓசை அடக்குதலையும் ஒரே சொல் குறிப்பது தமிழில் தற்செயலாக அமைந்ததாகலாம்; அச்சொல்லை இப்பாட்டில் இருகால் அமைத்தது தற்செயல் எனத் தோன்றவில்லை.

மூன்றாவது, பாட்டின் இறுதியைப் பற்றியது. தலைவியின் நலத்துக்கு உவமையாகும் காந்தள், உறந்தைக்குக் கிழக்கே உள்ள குன்றத்தில் மலர்வது. அவ்வுறந்தையோ ஒலிமிக்க விழாக்களையுடைய ஊர் எனப்படுகின்றது. கானத்தில் ஒரு மணியும் ஒலித்தலாகாது எனக் கருதிய அதே பாட்டு, ஊரின் முழக்கத்தைப் புகழாகவே கூறுகின்றது. ஆகவே புலவர்க்கு ஓசையின்மேல் வெறுப்பில்லை. ஊர்க்கு உரிய ஒலி ஊரில் இருக்க, கானத்துக்கு உரிய ஒலி கானத்தில் நிலவவேண்டும் என்பதே அவர் காட்டும் நெறி. இது பொதுவான இரக்கத்தினும் கூர்மையானது. இடமறிந்து செய்யும் அடக்கம்.

4. பேதுறல்: பாட்டும் ஆய்வும்

வண்டுகள் மணியோசையால் உண்மையிற் கலங்குமா என்னும் வினா எழும். தேனீ போன்றவை நாம் கேட்பது போலத் தொலைவிலிருந்து வரும் ஓசையைக் கேட்பவை அல்ல. அண்மையில் நிகழும் காற்றின் அசைவை உணர்கொம்புகளாலும், தாம் அமர்ந்த இடத்தின் அதிர்வைக் கால்களாலும் அவை உணர்கின்றன. எனவே நெடுந்தொலைவில் வரும் தேரின் மணி அவற்றின் உரையாட்டை மறைக்கும் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் பாட்டும் அவ்வாறு கூறவில்லை. வண்டின் ஒலி கேளாது போகும் என்றோ, வண்டு பேச இயலாது போகும் என்றோ அது சொல்லவில்லை. வண்டு பேதுறும், அஃதாவது கலக்கமுறும் என்றே சொல்கின்றது. ஓசை ஒன்று மற்றோர் ஓசையை மறைத்தல் வேறு. ஓசை உயிரைக் கலக்குதல் வேறு. இன்றைய ஆய்வாளரும் இவ்விரண்டையும் பிரித்தே காண்கின்றனர்.

கலக்குதலுக்கு மட்டும் தனிச்சான்று காட்டுதல் எளிதன்று. சாலை உள்ள இடத்தில் ஓசையோடு புகை, வெளிச்சம், வண்டிகளின் இயக்கம், மரம் வெட்டிய வெளி ஆகியனவும் கூடி நிற்கும். பறவை எதனால் விலகிற்று என எவ்வாறு துணிவது? அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில் 2012-இல் ஆய்வாளர் சிலர் இதற்கு ஒரு வழி கண்டனர். சாலையே இல்லாத மலைச்சரிவில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக நிறுவி, வண்டிகள் செல்லும் ஓசையைச் சில நாள் ஒலிக்கச் செய்தும் சில நாள் நிறுத்தியும் பார்த்தனர். வலசைப் பறவைகள் தங்கிச் செல்லும் இடம் அது. ஓசை ஒலித்த நாட்களில் அங்குத் தங்கிய பறவைகளின் தொகை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என 2013-இல் வெளியிட்டனர். விலகாது தங்கிய பறவைகளிலும் உடல்நலம் குன்றியவை இருந்தன என்பது 2015-இல் வெளியான தொடராய்வு. தேரின்றி மணி மட்டும் ஒலித்தாலும் சோலை சோலையாக இராது என்பது இதன் பொருள்.

தேரை நிறுத்தாமல் மணியை மட்டும் அடக்கிய தலைவனின் செயலுக்கு இவ்வாய்வு புதுப்பொருள் தருகின்றது. அவன் கானத்தின் வழியே வாராதொழியவில்லை. விரைவைக் குறைத்தான் எனவும் பாட்டில் இல்லை. தன் செலவில் எப்பகுதி தனக்கு இன்றியமையாதது, எப்பகுதி விடத்தக்கது எனப் பிரித்தறிந்தான். மனித வாழ்வை நிறுத்தாமலே பிறவுயிரின் ஒலிவாழ்வைக் காக்க இடமுண்டு என்னும் தெளிவு அதில் உள்ளது.

5. மயங்கல்: கபிலரின் கிளிகள்

மனிதவொலி விலங்கை எப்போதும் அச்சுறுத்தும் எனக் கருதுதல் தவறு என்பதற்குக் குறுந்தொகை 291-ஆம் பாடல் சான்று. கபிலர் பாடிய இக்குறிஞ்சிப் பாட்டில் தலைவன் தன் பாங்கனிடம் தான் கண்ட குறமகளைப் பற்றிக் கூறுகின்றான். காட்டைச் சுட்டுத் திருத்திய புனத்தில் தினை விளைந்துள்ளது. அவள் குளிர் என்னும் கருவியை இசைத்துக் கிளி ஓட்டுகின்றாள். கிளிகளோ அவ்வோசையை அவள் தங்களை அழைக்கும் குரல் எனக் கொண்டு கதிரில் வீழ்வதை விடவில்லை. அது கண்டு அவள் அழுகின்றாள். அக்கண்கள் மழைத்துளி ஏற்ற குவளை மலரை ஒத்தன.

குறமகளின் குரலினிமையைப் புகழும் நயம் இது என்று விடுதல் எளிது. ஆயினும் பாட்டின் முதற்சொற்களை நோக்குக. நிகழ்ச்சிக்குக் களம் சுட்ட புனம். காடாயிருந்த நிலம் மனிதனால் மாற்றப்பெற்றது. மாறிய அந்நிலம் கிளிக்குப் புதிய உணவைத் தந்தது. அதே நிலம் புதிய ஓசையையும் தந்தது. 'போ' என ஒருவர் சொல்ல 'வா' என மற்றவர் கேட்கும் பொருள்மயக்கம் அங்கே பிறக்கின்றது. விளைநிலங்களில் பறவைகளை ஓட்ட வெடியும் கருவியும் பயன்படுத்துவோர், நாளடைவில் பறவைகள் அவ்வோசைக்குப் பழகி அஞ்சாதொழிதலை நன்கறிவர். கபிலர் கூறும் காரணம் வேறு, நிகழ்ச்சி ஒன்றே. அச்சுறுத்தும் ஓசை தன் பொருளை இழத்தலை அவர் கண்டார். அவ்விழப்புக்குக் காதற்சுவை தோன்ற ஒரு காரணம் கற்பித்தார்.

அகநானூறு 88-ஆம் பாடலில் இம்மயக்கம் தலைகீழாய் வருகின்றது. ஈண்டு வண்டுக்கூட்டத்தின் ஒலியை யாழோசை எனக் கருதி மலைமுழையிலுள்ள அசுணம் செவிசாய்க்கின்றது. இயற்கையொலியே மனிதவொலியாகக் கேட்கப்படுகின்றது. அசுணம் இன்ன உயிர் எனத் துணிதற்கில்லை. ஆனால் விலங்குக்கும் கேள்வி உண்டு, கேள்வியில் தேர்வு உண்டு, தேர்வில் பிழையும் உண்டு என்னும் எண்ணம் புலவரிடையே வேரூன்றியிருந்தது என்பதற்கு இவ்விரு பாடல்களும் போதும்.

6. மறைத்தல்: நம் காலத்துப் புதுமை

பேதுறலும் மயங்கலும் ஈண்டு எடுத்துக்கொண்ட பாடல்களில் உள. மூன்றாவதாகிய மறைத்தல் இவற்றில் இல்லை. தேர்மணி வந்து கடந்து போகும் ஓசை. பொறிகளின் ஓசையோ நாள் முழுதும் நீங்காது நிற்கும். சாலையின் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதி. ஆதலின் தாழ்ந்த குரலில் பாடும் பறவையின் பாட்டு அதனுள் அமிழ்ந்துபோகின்றது.

இந்நிலையில் பறவைகள் என் செய்கின்றன? நம் பட்டாணிக் குருவிக்கு இனமான குருவி, நெதர்லாந்து நாட்டு லைடன் நகரில் இரைச்சல் மிக்க இடங்களில் தன் பாட்டின் தாழ்ந்த எல்லையை உயர்த்திப் பாடுவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இரைச்சலில் பேசுவோன் தன்னையறியாது குரலை உயர்த்துவான் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விளக்கினார். பெர்லின் நகரத்து நைட்டிங்கேல்களும் அவ்வாறே உரக்கப் பாடுகின்றன என்பது 2004-இல் அறியப்பட்டது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ராபின் பறவைகள் இரவிற் பாடுதற்கு விளக்கொளியினும் பகலிரைச்சலே பெருங்காரணம் என 2007-இல் எழுதினர். குரலை உயர்த்துதல், உரத்துப் பாடுதல், பொழுதை மாற்றுதல் என இவை மூன்றும் மூன்று வழிகள். மூன்றாவது திணைமரபு கற்றார்க்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. பொழுது முதற்பொருள் அன்றோ! முதற்பொருளே பெயர்கின்ற அளவுக்கு மனிதவொலி கருப்பொருளைத் தாக்குகின்றது.

2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரம் அடங்கியது. அங்கு வாழும் வெண்கோட்டுத் தலையையுடைய குருவி அப்போது மெல்லவே பாடிற்று. ஆயினும் அதன் பாட்டு முன்னையினும் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவுக்கு எட்டிற்று. நகரமே சின்னாள் தன் மணிநாவைக் கட்டியது போன்ற நிகழ்ச்சி அது. கட்டப்பெற்றபோது பறவை உடனே மாறிற்று என்பதில் ஆறுதல் உண்டு. கட்டு அவிழ்ந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

7. பாட்டு இறத்தல்

எந்நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், வந்த நிலத்தின் பயனுடையவாகும் என்பது தொல்காப்பிய விதி. இது செய்யுளுக்குக் கூறிய நெகிழ்ச்சி. இயற்கையில் இந்நெகிழ்ச்சிக்கு எல்லை உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சோலைகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைப்பறவை ஒன்றைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்றாகும். பன்னெடுங்காலமாக மலையிடைவெளியால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபட்டுள்ளது. அண்மைக் காலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபட்டுள்ளது. ஆனால் இருவகை வேறுபாடும் பாட்டின் ஒரே கூற்றில் அமைந்தவை அல்ல. நெடுங்காலம் செய்ததையும் கோடரி செய்ததையும் பாட்டைக் கொண்டே பிரித்தறியலாகும் என்பது வியப்பும் வருத்தமும் தருவது.

இதனினும் கொடியது ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் நிகழ்ந்தது. ரீஜென்ட் ஹனிஈட்டர் என்னும் தேனுண் பறவை, காடுகள் அழிக்கப்பட்டதால் சில நூறாகக் குறைந்தது. அவ்வினத்து இளம்பறவை மூத்த ஆண்பறவையைக் கேட்டே பாட்டைக் கற்கும். கேட்பதற்கு மூத்தோர் அருகில் இல்லாமையால், ஆண்பறவைகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு தம் இனத்துப் பாட்டை அறியாது பிற இனத்தின் பாட்டைப் பாடுகின்றன என 2021-இல் வெளியான ஆய்வு கூறிற்று. மாறிப் பாடுவன இணை பெறுவதிலும் பின்தங்கின. கூண்டில் வளரும் இளம்பறவைகட்குப் பாட்டைக் கற்பிக்கும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. இங்கே இரைச்சல் எதுவும் பாட்டை மறைக்கவில்லை. பாடுவோர் தொடர்ச்சி அறுந்தது.

தமிழ் மாணவர்க்கு இந்நிகழ்ச்சி அயலதன்று. நம் உரைகளில் 'ஒரு பறவை', 'ஒருவகை விலங்கு' என்னும் குறிப்புகள் எத்தனை! அன்றில் இன்ன பறவை என்பதில் இன்றும் ஒருமைப்பாடு இல்லை. உரையாசிரியர் அறியாமையால் மட்டும் இது நேர்ந்தது எனக் கொள்ளற்க. கேட்டுக் கற்ற செவிகளின் தொடர்ச்சி அறுந்த இடமே அக்குறிப்பு. பனையின்மேல் நரலும் அன்றிலின் குரலைக் கேளாதான் ஒருவன் நெய்தற்பாட்டின் இரவை எங்ஙனம் உணர்வான்? ஒலி போனபின் சொல் எஞ்சுகின்றது. சொல் எஞ்சியதால் பொருளும் எஞ்சியதாக நாம் நம்புகின்றோம்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். அகநானூறு நான்காம் பாடலில் மணியின் நாவைக் கட்டுதல் அருட்செயல் மட்டுமன்று. மனிதரிடையே செல்லும் ஒலிக்குறி ஒன்றைப் பிறவுயிரின் பொருட்டு அடக்கும் தெரிவு. அத்தெரிவே தோழியின் ஆற்றுவித்தலுக்கு அடிப்படையாகின்றது; வண்டின் துணையைப் பிரிக்க அஞ்சுவான் தன் துணையைப் பிரிந்து வாளா இருப்பானோ என்னும் குறிப்பும் அதில் உண்டு. குறுந்தொகை 291-ஆம் பாடல் மாறிய நிலத்தில் ஒலியின் பொருளும் மாறுதலைக் காட்டுகின்றது. நிலையான இரைச்சலால் பாட்டு மறைதலும், கற்பிப்போர் இன்மையால் பாட்டே இறத்தலும் இவற்றில் இல்லாதன. அவை நம் காலத்தின் ஆக்கம். இல்லாததை ஏற்றிக் கூறாமல், உள்ளதன் நுட்பத்தைக் காண்பதே திறனாய்வுக்கு அழகு.

கருப்பொருளை ஆராயும் இளைய ஆய்வாளர் ஏட்டோடு காட்டுக்கும் செல்லுதல் வேண்டும். பறவையின் பெயரைப் பதிவதோடு அது எப்பொழுதில், எவ்வோசைகளின் நடுவே ஒலிக்கின்றது என்பதையும் பதிதல் வேண்டும். உரை எழுதுவதற்குச் செவியும் ஒரு கருவி. மருதனாரின் தலைவன் மணியைக் கட்டிய பின்னர்தான் கானம் கேட்டிருக்கும். நாம் அப்பாட்டைக் கேட்பதற்கும் அதுவே வழி.